விரல் மூட்டின் பாரம்

நாள்தோறும் எழுதுகோல் பிடிக்கும் நாம், நம் விரல் மூட்டுகள் தாங்கும் பாரத்தை நினைப்பதேயில்லை. விரலை மடக்கும் வலிய தசைகள் முன்கையில் உள்ளன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல் ஓடி விரலெலும்புகளை இழுக்கின்றன.

இங்கே விரல் ஒரு நெம்புகோலாகின்றது. நடுமூட்டினின்று விரல்நுனி 5 சென்டிமீட்டர் தொலைவிலும், தசைநாண் 1 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். நுனியை 1 கிலோகிராம் பாரம் அழுத்தின், அதனைத் தாங்கத் தசைநாண் 5 கிலோகிராம் பாரத்துக்கு ஈடாக இழுத்தல் வேண்டும். அவ்விழுப்பு எலும்பின் வழியே செல்வதால், ஏறக்குறைய முழுதும் மூட்டின்மேல் விழும். அதனை ஏற்கும் பரப்புப் பாதியாகக் குறையின், அழுத்தம் இருமடங்காகும்.

இத்துணைப் பாரத்திலும் மூட்டுக் கெடாதிருப்பது எங்ஙனம்? வழுவழுப்பான குருத்தெலும்பும் மூட்டுநீரும் தேய்வைக் குறைக்கின்றன. வலி என்னும் காவலன் மிகையைத் தடுக்கின்றான். தொழுநோயால் உணர்ச்சியிழந்த கைக்கோ அக்காவலன் இல்லை. திறவாத பூட்டில் அது சாவியை அளவின்றித் திருகிப் புண்படும். அந்நோய் கையின் சிறு தசைகளையும் செயலறச் செய்ய, இழுவிசைகளின் சமன் குலைந்து விரல்கள் வளைந்துவிடும். 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தசைநாண்களை இடம் மாற்றி அச்சமனை மீட்க முயன்றார். கையின் விசையியலைப் பற்றி 1985இல் நூலும் வெளியிட்டார்.

விரல் நோகுங்கால் வலியை வெறுக்கும் நாம், அதுவே நம் கையைக் காப்பதென்று உணர்வோமாக.