வெளிநாட்டு வங்கியும் உள்நாட்டு வங்கியும்: போட்டியால் யாருக்கு நன்மை?

மாணவர்களே, "வெளிநாட்டு வங்கிகள் நாட்டுக்கு நன்மையா, தீமையா?" என்று கேட்டால் பலர் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். இலங்கையின் அனுபவத்தை அறிந்துகொண்டால் இரு பக்கமும் விளங்கும்.

1. வரலாறு

பிரித்தானியர் காலத்தில் இங்கு செல்வாக்குடன் இயங்கியவை வெளிநாட்டு வங்கிகளே. எச்.எஸ்.பி.சி. வங்கி 1892இல் கொழும்பில் கிளை திறந்தது. இவ்வங்கிகள் முக்கியமாகத் தோட்டக் கம்பனிகளுக்கும் ஏற்றுமதி, இறக்குமதி வர்த்தகத்திற்கும் கடன் வழங்கின. உள்ளூர் வியாபாரிகள் செட்டிமாரிடம் கூடிய வட்டிக்குக் கடன் பெற்றனர். செட்டிமாரோ தமக்கு வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை அதே வங்கிகளிடம் பெற்றனர்! 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கி உருவானது.

1961இல் இலங்கை வங்கி அரசுடைமையானது. மக்கள் வங்கியும் ஆரம்பமானது. வெளிநாட்டு வங்கிகளில் இலங்கையர் புதிதாகக் கணக்குத் திறப்பது தடைசெய்யப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் புதிய வெளிநாட்டு வங்கிகள் வந்தன. சம்பத் வங்கி (1987), செலான் வங்கி (1988) போன்ற உள்நாட்டுத் தனியார் வங்கிகளும் போட்டியில் இறங்கின.

2. இரு தரப்பினதும் பலம்

வெளிநாட்டு வங்கி: தாய் நிறுவனத்தின் மூலதனம், உலகளாவிய தொடர்பு, புதிய தொழினுட்பம்.

உள்நாட்டு வங்கி: கிராமம்வரை கிளைகள், வாடிக்கையாளரைப் பற்றிய நேரடி அறிவு.

உதாரணமாக, உங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் ஒழுங்கான கணக்கேடுகள் இல்லை. ஆனால் அவர் நாள்தோறும் பணம் வைப்புச் செய்வதை ஊர்க் கிளை முகாமையாளர் அறிவார். நம்பிக் கடன் கொடுப்பார். கடல் கடந்த தலைமை அலுவலகத்திற்கு அவர் வெறும் ஆபத்துள்ள கடன்காரர்.

3. கவனிக்க வேண்டியது

வெளிநாட்டு வங்கியின் முடிவுகள் வெளிநாட்டில் எடுக்கப்படுகின்றன. 2025இல் எச்.எஸ்.பி.சி. இலங்கையில் தனது தனிநபர் வங்கிச் சேவையை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்பதாக அறிவித்தது. இது அதன் உலகளாவிய மீளமைப்பின் ஒரு பகுதியாகும்.

முடிவு

போட்டியால் சேவை மேம்படும். ஆனால் அந்த நன்மை, இரு தரப்பு வங்கிகளும் விரும்பும் வாடிக்கையாளருக்கே முதலில் கிடைக்கும். எந்த வங்கியும் விரும்பாத சிறு வியாபாரிக்கும் விவசாயிக்கும் அங்கே போட்டியே இல்லை. அதனாலேயே அவர்களுக்குக் கடன் கிடைக்க அரசு தனியாக வழிசெய்ய வேண்டியுள்ளது. விடையை இக்கருத்துடன் முடியுங்கள். நீங்கள் விளங்கி எழுதியிருப்பது தெரியும்.