திருப்பூர் பனியன் ஏற்றும் கப்பல்: புகை யார் கணக்கில்? காசு யார் தலையில்?

தூத்துக்குடி:
திருப்பூரில் தைத்த பனியன் லாரியில் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வருகிறது. கன்டெய்னரோடு சின்னக் கப்பலில் கொழும்பு போகிறது. அங்கே பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறது. வழி நெடுக அந்தக் கப்பல்கள் விடும் கரியமில வாயு எந்த நாட்டுக் கணக்கில் ஏறுகிறது தெரியுமா?

இந்தியா கணக்கில் இல்லை. இலங்கை கணக்கில் இல்லை. பனியனை வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஜெர்மனிக்காரர் நாட்டுக் கணக்கிலும் இல்லை!

ஒவ்வொரு நாடும் எவ்வளவு புகை விட்டது என்று ஐ.நா.வுக்குக் கணக்குக் கொடுக்கிறது. வெளிநாடு போகிற கப்பலுக்கு நிரப்பிய எண்ணெயின் புகை அதில் மொத்தத்தோடு சேராது. ஓரமாகத் தனிக் குறிப்பு எழுதி வைப்பார்கள், அவ்வளவுதான். காரணம் இருக்கிறது. கப்பலின் முதலாளி கிரீஸ்காரராக இருப்பார். கொடி பனாமா நாட்டுக் கொடி. எண்ணெய் நிரப்பியது சிங்கப்பூரில். வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ், பாதிப்பேர் நம்ம ஊர்ப் பையன்கள். யார் தலையில் எழுதுவது?

1 டன்னுக்கு 3 டன்

கப்பல் ஓடுவது பெரும்பாலும் பர்னஸ் ஆயிலில். தார் மாதிரி கெட்டியான எண்ணெய். இதில் 1 டன் எரித்தால் 3.1 டன் கரியமில வாயு வருகிறது. அதெப்படி எரித்ததைவிட மூணு மடங்கு என்று கேட்கலாம். எண்ணெயில் உள்ள கரி, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வாயு ஆகிறது. எடையில் பெரும்பங்கு அந்த ஆக்சிஜன்தான். ஒரு கப்பல் நாளைக்கு 100 டன் எண்ணெய் எரித்தால், 311 டன் வாயு வானத்துக்குப் போகிறது.

உலகக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து 2018-ல் விட்டது சுமார் 107 கோடி டன். உலகம் விட்ட மொத்தப் புகையில் கிட்டத்தட்ட 3 சதவீதம்.

2020 ஜனவரி முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கு முன் மூன்றரை சதவீதம் வரை விட்டிருந்தார்கள். துறைமுகத்துப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு அது நல்ல சேதி. ஆனால் கரியமில வாயு அதனால் குறையவில்லை. அது கண்ணுக்கும் தெரியாது, மூக்கையும் உறுத்தாது.

நிலக்கரிக் கப்பல் நம்ம கணக்கு

உள்நாட்டுக்குள் ஓடும் கப்பல் கதை வேறு. ஒடிசாவின் பாரதீப்பில் இருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் அனல் மின் நிலையங்களுக்காக நிலக்கரி கொண்டுவருகிறது தமிழக அரசின் பூம்புகார் கப்பல் கழகம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுகிறதே, அதே கழகம்தான். இந்தக் கப்பல்களின் புகை இந்தியாவின் சொந்தக் கணக்கில் ஏறும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக லாரி விடும் புகையில் கப்பல் விடுவது சின்னப் பங்குதான். அதனால்தான் ரோட்டில் போகும் சரக்கைக் கடலோரக் கப்பலுக்கு மாற்றச் சொல்கிறது மத்திய அரசு.

ஐரோப்பா போட்ட வரி

யார் கணக்கிலும் இல்லாத புகைக்கு முதலில் பில் போட்டது ஐரோப்பிய யூனியன். 2024 ஜனவரி முதல், அங்கே வரும் 5 ஆயிரம் டன் அளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் விடும் புகைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெளியில் இருந்து வரும் கப்பல் என்றால் பயணப் புகையில் பாதிக்கு. சீட்டு விலை 2025-ல் டன்னுக்குப் பெரும்பாலும் 60 முதல் 80 யூரோ. பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் சும்மா ஒரு தடவை நின்றுவிட்டு, 'அங்கிருந்துதான் வருகிறோம்' என்று ஏமாற்றவும் முடியாது. எகிப்தின் போர்ட் சையது, மொராக்கோவின் டான்ஜியர் துறைமுகங்களைப் பட்டியலில் போட்டு அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

கப்பல் கம்பெனிகள் கையைக் கடித்துக்கொள்ளுமா? ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனிக் கட்டணம் என்று பில்லில் சேர்த்துவிட்டன. பனியன் சரக்குக்குக் கப்பல் கூலியைப் பெரும்பாலும் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிதான் கட்டுகிறது. ஆனால் கூலி ஏறினால், அடுத்த ஆர்டரில் 'பீசுக்கு விலையைக் குறை' என்ற பேச்சு வரும். ஒரு பனியனுக்குப் பார்த்தால் இது பைசா கணக்குதான். ஆர்டர் பேரம் நடப்பதும் பைசாவில்தான்!

அதிலும் 2023 கடைசியில் செங்கடலில் ஏவுகணைத் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. 10 நாள் கூடுதல் பயணம். எண்ணெயும் கூடுதல், புகையும் கூடுதல், பில்லும் கூடுதல்.

மெதுவாகப் போனால்...

புகையைக் குறைக்க சுலபமான வழி ஒன்று உண்டு. வேகத்தைக் குறைப்பது. 10 சதவீதம் மெதுவாகப் போனால் அதே தூரத்துக்கு 20 சதவீதம் வரை எண்ணெய் மிச்சம். ஆனால் சரக்கு தாமதமாகும். சீசன் தவறினால் பனியனை யார் வாங்குவார்?

எண்ணெயையே மாற்றுவது இன்னொரு வழி. 2024 பிப்ரவரி 28-ந்தேதி பிரதமர் மோடி தூத்துக்குடியில் இருந்து ஹைட்ரஜன் படகைத் தொடங்கி வைத்தார். கொச்சியில் கட்டிய படகு அது. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பச்சை ஹைட்ரஜன் தயாரிக்கும் சோதனை நிலையம் திறக்கப்பட்டது. அதில் எரிவது துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்கு. கப்பலை ஓட்டும் அளவுக்கு எட்ட இன்னும் வெகுதூரம்.

ஓட்டெடுப்பில் தள்ளிப்போனது

ஐரோப்பா மட்டும் வசூலிப்பதற்குப் பதில் உலகம் முழுக்க ஒரே விதி வைத்து, பணத்தைப் பொது நிதியில் போடலாம் என்று லண்டனில் உள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பில் பேச்சு நடந்தது. 2025 ஏப்ரல் ஓட்டெடுப்பில் இந்தியா உள்பட 63 நாடுகள் ஆதரவு, 16 நாடுகள் எதிர்ப்பு. அளவுக்கு மேல் விடும் புகைக்கு டன்னுக்கு 100 முதல் 380 டாலர் வரை கட்ட வேண்டும் என்பது திட்டம்.

அக்டோபரில் இறுதி ஓட்டுக்கு வந்தபோது அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. சவுதி அரேபியா ஒத்திவைக்கச் சொன்னது. 57-க்கு 49 என்ற ஓட்டில் விஷயம் ஓராண்டு தள்ளிப்போனது.

ஐரோப்பாவின் பில் மட்டும் தள்ளிப்போகவில்லை. 2024-ம் ஆண்டுப் புகையில் 40 சதவீதத்துக்குத்தான் சீட்டு கேட்டார்கள். 2025-க்கு 70 சதவீதம். 2026-ல் விடும் புகைக்கு முழுசாக 100 சதவீதம்.