குட்டை நாறுகிறது, எவ்வளவு?

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பொம்மை வார்க்கும் களிமண் குழம்புக்கு ‘சிலிப்’ என்று பெயர். தொட்டியில் நாள்பட்டுக் கிடந்தால் சிலிப்பிலிருந்து அழுகிய முட்டை வாடை கிளம்பலாம். வார்ப்பு அச்சு பிளாஸ்டரால் ஆனது; அதாவது கால்சியம் சல்பேட். அச்சுத் தூள் குழம்பில் கலந்தால், காற்றுப் புகாத அடிப்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும்.

தொட்டியென்றால் போகட்டும். ஏக்கர் கணக்கில் விரிந்த கழிவுநீர்க் குட்டையிலிருந்து எழும் வாடையை எப்படி அளப்பது? புகைபோக்கியில் துளையிட்டுக் குழாயை நுழைக்கலாம். நீர்ப்பரப்பில் எங்கே நுழைப்பது?

அடிப்பக்கம் திறந்த ஒரு மூடியை நீர்மேல் மிதக்க விடுகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1986-ம் ஆண்டு முறைப்படி, அது மறைக்கும் பரப்பு 0.13 சதுர மீட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் சுத்தமான காற்றை உள்ளே விட்டு, வெளிவருவதைப் பையில் பிடிக்க வேண்டும். ஆய்வகத்தில் அதை முகர்ந்து பார்ப்பது மனிதர்கள்தான். தேர்ந்தெடுத்த குழுவுக்கு முதலில் மிகவும் நீர்த்த காற்றைக் கொடுத்து, படிப்படியாகச் செறிவைக் கூட்டுவார்கள். பாதிப் பேருக்கு வாடை தட்டுப்படும்போது 2,000 மடங்கு நீர்த்திருந்தால், கனமீட்டருக்கு 2,000 வாடை அலகு. காற்றோட்டத்தால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் குட்டை நிமிடத்துக்குச் சுமார் 77 அலகு வெளியிடுகிறது.

வில்லங்கம் இங்கேதான். மூடிக்குள் ஓடுவது நாம் விட்ட காற்று. ஆடிக் காற்று அல்ல. அம்மோனியா நீரில் நன்றாகக் கரையும். அது வெளியேறுவது மேலே வீசும் காற்றைப் பொறுத்தது. காற்று மெதுவாக ஓடினால் அம்மோனியா மூடிக்குள்ளேயே தேங்கி, மேலும் எழுவதைத் தடுக்கும், கணக்கு குறைந்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடோ ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு வரத்தான் தாமதிக்கும். நீரைக் கலக்கினால் குபீரென்று வரும். மூடிக்குப் பதில், காற்றை வேகமாகச் செலுத்தும் காற்றுச்சுரங்கத்தை வைத்தால், அதே குட்டைக்கு வேறு எண் கிடைக்கும். எந்தக் கருவி, எவ்வளவு காற்று என்று சொல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

விருத்தாசலம் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004-ல் எதிர்முனையிலிருந்து அளக்கத் தொடங்கினார்கள். ‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்ற குழுவாகச் சேர்ந்து, எப்போது என்ன வாடை வந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று குறித்துவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். தெருவுக்கு வந்து சேர்ந்தது என்ன என்பதை வாளி சொல்லும். எந்தக் குட்டையிலிருந்து எவ்வளவு கிளம்பியது என்று சொல்ல மூடி வேண்டும். மூடியை மிதக்க விட ஆலைக்குள் போக அனுமதி வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வாடை மாசு குறித்த வழிகாட்டுதலை 2008-ல் வெளியிட்டது. மறுவருடம் வந்த தேசியக் காற்றுத்தர அளவுகோல் 12 மாசுகளுக்கு வரம்பு வைத்தது. அவற்றில் அம்மோனியா உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு இல்லை.