நாலு மணிக்கே இருட்டும் ஊர்களுக்கு ஒரு திட்டம்

சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பிராகில் அது எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஜூன் மாதத்தில் அங்கே பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. நவம்பர் நடுவிலோ சுமார் ஒன்பது மணி நேரம்தான் கிடைக்கிறது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பிய நாடுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதால் மாலை இன்னும் முந்திக்கொள்கிறது. நவம்பர் 15 வாக்கில் பிராகில் சூரியன் காலை ஏழே காலுக்கு உதித்து, மாலை நாலே காலுக்கெல்லாம் மறைந்துவிடும். இலையுதிர்காலத்தின் கடைசியில் ஐரோப்பா போக நினைக்கும் தம்பதியர், விமானக் கட்டணத்தையும் குளிராடையையும் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். எத்தனை ஊர், எந்த வரிசை, எந்த ஊரில் எத்தனை இரவு என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதில்தான் இருக்கிறது.

பத்து நாளில் ஏழு ஊர் என்பது நம்மிடையே பரவலாக விற்கப்படும் திட்டம். கோடையில் அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. காலையில் அறையைக் காலி செய்து, ரயிலேறி, பிற்பகல் மூன்று மணிக்கு அடுத்த ஊரில் அறைச் சாவியை வாங்கினாலும், ஜூன் மாதத்தில் இன்னும் ஆறு மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கும். அதாவது, ஊர் மாறுவதற்கு அரை நாள் செலவு. நவம்பரில் அதே வேலையைச் செய்தால், சாவியை வாங்கிப் பெட்டியை வைத்துவிட்டுத் தெருவுக்கு வரும்போது விளக்கேற்றியிருப்பார்கள். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பகல் முழுதாகப் போய்விடுகிறது. ஏழு ஊருக்கு ஆறு மாற்றம். பத்துப் பகலில் ஆறு பகல் ரயில் நிலையத்திலும் ஓட்டல் வரவேற்பறையிலும் கழியும். மூன்று ஊர் என்றால் இரண்டே மாற்றம். ஊர்களைக் குறைத்தால் பார்ப்பது குறையும் என்ற கணக்கு இந்தப் பருவத்தில் தலைகீழாகிவிடுகிறது.

‘அப்படியானால் இருட்டிய பிறகு ரயிலேறலாமே, பகல் மிச்சமாகுமே’ என்று ஒருவர் கேட்கலாம். நல்ல யோசனைதான். பெட்டியை ரயில் நிலையத்துப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, நாலு மணி வரை ஊரைப் பார்த்து, ஐந்து மணிக்கு மேல் கிளம்பலாம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனால் அதை ஆறு முறை செய்ய முடியாது. காரணம் களைப்பு மட்டும் அல்ல. அந்த நகரங்கள் நவம்பரில் தரும் மிகச் சிறந்த பொழுது மாலைப் பொழுதுதான். அதை ஓரிரு முறை ரயிலுக்குக் கொடுக்கலாம். தினமும் கொடுத்துவிட்டால் அந்தப் பருவத்தில் போனதற்கே பொருளில்லை.

பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்ற வரிசையை இங்கே முன்வைப்பதற்கு இதுவே காரணம். மூன்றும் ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன. பிராகிலிருந்து வியன்னாவுக்கு நேரடி ரயிலில் சுமார் நாலு மணி நேரம். மூன்றும் நீண்ட குளிர்காலத்தோடு வாழப் பழகி, அதற்கேற்பத் தங்கள் மாலைகளை அமைத்துக்கொண்டவை. பிராகில் மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’ 1787-இல் முதன்முதலாக அரங்கேறிய எஸ்டேட்ஸ் அரங்கில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வியன்னா அரசு இசைநாடக அரங்கில் உட்காரும் இருக்கைக்குப் பெரும் பணம் வேண்டும் என்றாலும், நின்று கேட்கும் இடத்துக்கு மிகக் குறைந்த கட்டணமே. புரூகலின் ஓவியங்கள் உலகிலேயே அதிகமாக உள்ள வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகம் வியாழக்கிழமைகளில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். புடாபெஸ்ட்டில் 1913-இல் திறக்கப்பட்ட செச்சேனி குளியலகத்தின் திறந்தவெளிக் குளங்களில், சுற்றிலும் குளிர் கடிக்கும்போது பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரில் கழுத்தளவு அமிழ்ந்திருக்கலாம். கோடையில் அது ஒரு குளியல். நவம்பரில் அதன் அருமையே வேறு.

வரிசையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பாலம், மலைக்கோட்டை, சந்து என்று வெளியே நடந்து பார்க்க வேண்டியது அதிகமுள்ள ஊர் பிராக். ஆகவே, உடம்பில் தெம்பும் வானில் சற்றுக் கூடுதல் வெளிச்சமும் இருக்கும்போதே அதை முதலில் வைக்க வேண்டும். குளிர்கால நேரப்படி இந்தியா பிராகைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருப்பதால், முதல் சில நாள்கள் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். அதுவும் வசதிதான். ஜூனில் சார்லஸ் பாலத்தில் சூரியோதயம் பார்க்க ஐந்து மணிக்கு முன்பே நிற்க வேண்டும். நவம்பரில் ஏழு மணிக்குப் போனால் போதும். 15-ஆம் தேதி போய்ச் சேர்ந்தால், 1989-இல் மாணவர் ஊர்வலத்திலிருந்து வெல்வெட் புரட்சி தொடங்கிய நவம்பர் 17-ஐ, நாரோட்னி வீதியில் மக்கள் மெழுகுவத்தி ஏற்றும் நாளாகக் காணலாம். அடுத்து வியன்னாவுக்கு வரும்போது நகர மன்றத்தின் முன்னால் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கியிருக்கும். டிசம்பர் வரை காத்திருந்து, கூட்டத்துக்கும் கூடிய அறை வாடகைக்கும் நடுவில் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு: வெளிச்சம்தான் முக்கியம் என்றால் தெற்கே ரோம், வெனிஸ் பக்கம் போகலாமே? ரோமில் பகல் சற்று நீளம்தான், குளிரும் குறைவுதான். ஆனால் அங்கே மழை மிகுந்த மாதங்களில் நவம்பரும் ஒன்று. வெனிஸில் கடல்நீர் ஊருக்குள் ஏறும் பருவமும் இதுவே. 2019 நவம்பர் 12 இரவு நீர்மட்டம் 187 சென்டிமீட்டருக்கு உயர்ந்தது. 2020-இலிருந்து கடல் தடுப்பு மதகுகள் ஊரைக் காத்துவருகின்றன என்பதும் உண்மை. எனினும் அந்த நகரங்களின் இன்பம் திறந்த சதுக்கங்களிலும் தெருவோர மேசைகளிலும் இருக்கிறது. மழை அதைத்தான் முதலில் பறிக்கிறது. வியன்னாவின் காபி இல்லத்தை மழை ஒன்றும் செய்துவிடாது. அதே நியாயப்படி, பிராகைச் சுற்றியுள்ள செக் நாட்டுக் கோட்டைகளை இந்தத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. அவற்றில் பலவும் அக்டோபர் முடிவில் மூடி, வசந்தத்தில்தான் திறக்கும்.

இருவராகப் போகிறவர்களுக்கு இந்தத் திட்டம் இன்னொரு வகையிலும் நல்லது. கணவனுக்கும் மனைவிக்கும் ரசனை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் ஊரில் மூன்று இரவாவது தங்கினால், ஒருவர் ஓவியம் பார்க்க, மற்றவர் சந்தையில் நடக்க, மாலையில் சேர்ந்துகொள்ளலாம். தினமும் பெட்டி கட்டும் பயணத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. பதினைந்து மணி நேரம் இருட்டாக இருக்கும் ஊரில் தங்குமிடமும் முக்கியம். புறநகரில் மலிவான அறையைவிட, நடந்தே திரும்பக்கூடிய நகர மையத்து அறைக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீண் அல்ல. கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்கு முன் அது கைக்கெட்டும் விலையில் கிடைக்க வாய்ப்பும் அதிகம்.

பிராகில் மூன்று, வியன்னாவில் நாலு, புடாபெஸ்ட்டில் மூன்று இரவுகள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும் என்பது விதி. இந்தக் கணக்கில் அது ஆஸ்திரியா. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா ஒன்றானாலும் கொருனா, யூரோ, ஃபோரின்ட் என்று நாணயம் மூன்று. பிராகில் இறங்கி புடாபெஸ்ட்டிலிருந்து திரும்பும்படி ஒரே விமானச் சீட்டாக எடுங்கள். வந்த வழியே திரும்பும் ரயில் நாள் மிச்சமாகும். பட்டியலில் நாலாவது ஊரைச் சேர்க்க யாராவது வற்புறுத்தினால், அதற்கு எந்தப் பகலைக் கொடுப்பது என்று கேளுங்கள். கொடுக்க ஒரு பகல் இல்லையென்றால், அந்த ஊரை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.