சவரக் கத்தி வாங்குமுன்

பெங்களூரின் வடகிழக்கே உள்ள லிங்கராஜபுரத்தில் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும். அங்குள்ள முடிதிருத்தும் நிலையம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சற்று நேரம் அமர்ந்து பாருங்கள். தொழிலாளி ஒரு பிளேடை உறையோடு இரண்டாக ஒடிப்பார். ஒரு பாதியைக் கத்திப் பிடியில் செருகுவார். சவரம் முடிந்ததும் அதை எறிந்துவிடுவார். கத்தியின் வடிவம் பழையது. ஆனால் கத்தி பழைய கத்தியன்று. தீட்டுக்கல்லும் தோல்வாரும் அவருடைய அடைப்பத்தைவிட்டு நீங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இம்மாற்றம் தக்க காரணம் பற்றியே நிகழ்ந்தது. ஒருவர் முகத்தில் ஓடிய கத்தி மற்றொருவர் முகத்தில் ஓடும்போது, கண்ணுக்குப் புலப்படாத இரத்தத் துளியும் உடன் செல்லக்கூடும். ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோயின் கிருமி, உடலுக்கு வெளியே ஏழு நாட்கள் வரையிலும் தொற்றும் ஆற்றலை இழவாது இருக்க வல்லது. 1980களுக்குப் பின் எய்ட்ஸ் நோய் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. எனவே பலர்க்கும் பொதுவான கத்தி ஒழிந்தது நன்மையே.

ஆனால் ஒருவர் தமக்கென்றே ஒரு கத்தியை வைத்துக்கொள்வதில் இந்தத் தீமை இல்லை. பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பிடிகளைக் குப்பையில் குவிக்க விரும்பாத இளைஞர் சிலர், இன்று பழைய முழுக்கத்தியை நாடுகின்றனர். முறையாகப் பேணினால் ஒரு கத்தி ஓர் ஆயுளுக்கும் போதும். ஆசை நல்லதே. எனினும் தேர்வு பிழைத்தால் பணமும் போகும், கன்னமும் புண்படும். ஆகவே முதற் கத்தியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

முதலில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கத்தியை நாள்தோறும் வாரில் தீட்டவும், துடைத்து உலர்த்தவும் நமக்குப் பொறுமை உண்டா? இல்லையெனில் பாதிப் பிளேடு செருகும் கத்தியே போதுமானது. அதன் விலையும் குறைவு. ஆனால் அது எளிய கத்தி என்று எண்ணிவிடலாகாது. பிளேடின் மெல்லிய தகடு சிறு தவறையும் மன்னிப்பதில்லை. முழுக்கத்தியோ தன் எடையாலேயே சீராக ஓடும். ஆனால் பராமரிப்பை வேண்டி நிற்கும். இரண்டில் எது தமக்கு ஏற்றது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும்.

முழுக்கத்தி என்று முடிவு செய்தால், அதன் அமைப்பை அறிதல் அவசியம். வெட்டும் விளிம்பு ஒரு புறம். தடித்த முதுகு மறுபுறம். முதுகு வலிமைக்காக மட்டும் அமைந்ததன்று. கத்தியைத் தீட்டுக்கல்லின்மேல் படுக்க வைக்கும்போது முதுகும் விளிம்பும் ஒருங்கே கல்லில் படியும். ஆகவே தீட்டும் கோணத்தை நம் கை தீர்மானிப்பதில்லை, முதுகே தீர்மானிக்கிறது. நல்ல கத்தியில் முதுகின் தடிப்பு, அலகினுடைய அகலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருக்கும். அதனால் விளிம்பின் கோணம் 15 பாகையை ஒட்டி அமைகிறது. முன்பு வைத்திருந்தவர் முதுகை ஒரு பக்கமாகத் தேய்த்துவிட்டிருந்தால் இக்கணக்கு முழுவதும் கெட்டுவிடும். பழைய கத்தியை வாங்குவோர் விளிம்பைப் பார்க்குமுன் முதுகைப் பார்க்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கொண்டு அளப்பது மரபு. 4/8 முதல் 7/8 வரையில் கத்திகள் கிடைக்கும். தொடக்க நிலையில் உள்ளவர்க்கு 5/8 அல்லது 6/8 அங்குலமே, அதாவது 16 முதல் 19 மில்லிமீட்டர் வரையே, ஏற்றது. மிகக் குறுகியது நுரையைத் தாங்காது. மிக அகன்றது மூக்கின் கீழ் இயங்க இடம் கொள்ளாது.

அடுத்தது அலகின் குழிவு. சில கத்திகள் ஆப்புப்போல இருபுறமும் தட்டையாக இருக்கும். அவை கனமானவை, கல்லில் தீட்டக் கடினமானவை. வேறு சில இருபுறமும் ஆழக் குடையப்பட்டுக் காகிதம்போல் மெல்லியவை. மயிரை வெட்டும்போது அவை ஒருவகை ஓசை எழுப்பும். அந்த ஓசை பழகியவர்க்கு வழிகாட்டி. ஆனால் கை நடுங்கும் புதியவர் அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்து கொடுக்கும். எனவே நடுத்தரக் குழிவுள்ள கத்தியே முதற் கத்தியாகத் தக்கது. முனையும் வட்டமாக இருத்தல் வேண்டும். சதுர முனை காதோரத்திலும் உதட்டோரத்திலும் நுட்பமாக வேலை செய்யும் என்பது உண்மையே. கவனம் சிதறிய கணத்தில் காயம் செய்வதும் அதே முனைதான்.

இனி எஃகைப் பற்றிச் சிறிது கூறுவோம். இதில் நமக்குப் பெருமைக்குரிய ஒரு வரலாறு உண்டு. கன்னடத்தில் எஃகுக்கு ‘உக்கு’ என்று பெயர். ஐரோப்பியர் வழங்கிய ‘வூட்ஸ்’ என்னும் சொல் இதிலிருந்து பிறந்தது என்பது அறிஞர் பலர் கொள்கை. 1800ஆம் ஆண்டில் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், பெங்களூருக்கு மேற்கே மாகடிப் பகுதியில் இரும்பு எஃகாக மாறும் முறையைக் கண்டு எழுதினார். தமிழகத்தில் சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், இக்கலை இங்கு மிகப் பழமையானது என்பதைக் காட்டின. மூடிய மண் குகைகளில் இரும்பையும் இலை, மரத்துண்டு முதலியவற்றையும் இட்டு உருக்கி, கரி ஏறிய எஃகுக் கட்டிகளை நம் கொல்லர் ஆக்கினர்.

1790களில் அக்கட்டிகள் சில பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கு அறுவைக் கருவிகளும் கத்திகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகின் தரத்தைக் கண்டு வியந்தார். பின்னர் அவர், கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்து பெரும் விஞ்ஞானியாக உயர்ந்த மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். 1820லும் 1822லும் வெளியான அவர்களுடைய கட்டுரைகளில், 500இல் ஒரு பங்கு வெள்ளி சேர்ந்த எஃகு சிறந்தது என்று கூறப்பட்டது. ‘வெள்ளி எஃகு’ என்று முத்திரை பொறித்த கத்திகள் பின்னர்ச் சந்தைக்கு வந்தன. பெயரே விலையை ஏற்றிற்று. முத்திரையுள்ள எல்லாவற்றிலும் வெள்ளி இருந்ததென்று கொள்வதற்கில்லை. ஆகவே முத்திரைக்காக மிகுந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

புகழ்பெற்ற கத்திகள் இங்கிலாந்தின் ஷெபீல்டிலும் ஜெர்மனியின் ஸோலிங்கனிலும் உருவாயின. ஊர்ப்பெயர் நற்சான்றுதான், ஆயினும் கையில் உள்ள கத்தியின் நிலையே முடிவான சான்று. கரி மிகுந்த எஃகு கூர்மையை எளிதில் ஏற்கும். ஈரத்தில் எளிதில் துருவும் பிடிக்கும். துருவேறா எஃகு கடற்கரை ஊரினர்க்கும் மறதியுள்ளவர்க்கும் நல்லது. ஆனால் அதைக் கல்லில் தீட்டுவது சற்றுக் கடினம். பெங்களூரின் மழைக்காலத்தில் கரி எஃகுக் கத்தியைக் குளியலறையில் விட்டுவைப்பது, அதைத் துருவுக்கு ஒப்படைப்பதாகும்.

பழம்பொருட் சந்தையில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அலகின் நடுவில் உள்ள கறை தீங்கற்றது. விளிம்பை ஒட்டிய துருக்குழி தீராத நோய். விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அக்கத்தியை உடனே விலக்குக. கத்தியைக் கண்ணாடிப் பரப்பில் படுக்க வைத்துப் பாருங்கள். முதுகும் விளிம்பும் முழுதும் படியாமல் ஆடினால் அலகு முறுக்கியுள்ளது. மூடும்போது விளிம்பு பிடியின் நடுவே இறங்க வேண்டும். பழைய செல்லுலாய்டுப் பிடிகள் சிதையும்போது வெளிவிடும் ஆவி, அலகையே அரித்துவிடும். யானைத் தந்தப் பிடியுள்ள கத்தியை வாங்கவே கூடாது. தந்த வாணிபம் நம் நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

புதிய கத்தியை வாங்குவோரும் ஏமாறக் கூடும். மின்னும் அலகும் சித்திர வேலைப்பாடும் கொண்டு, மிக மலிவாக வரும் கத்திகள் பல பார்வைக்கு உரியனவே, சவரத்துக்கு உரியனவல்ல. கல்லில் தீட்டி முடித்துச் சவரத்துக்குத் தயாராக உள்ளதா என்று விற்பவரைக் கேட்டறிந்தே வாங்குக. கத்தி மழுங்கியதா, தம் கை பிழைத்ததா என்று பிரித்தறியப் புதியவரால் இயலாது. முதல் முறை மழுங்கிய கத்தியைக் கொண்டு தொடங்கியவர் பலர், அன்றோடு அம்முயற்சியைக் கைவிடுகின்றனர்.

கத்தியோடு தோல்வாரையும் வாங்க வேண்டும். கல்லில் விளிம்பு முன்செல்லும். வாரில் முதுகு முன்செல்லும். இதனை மறந்தால் வாரும் அறும், விளிம்பும் மடங்கும். திருப்பும்போது கத்தி தன் முதுகின்மேல் புரள வேண்டும். சவரத்துக்கு முன் வாரில் முப்பது முறையேனும் இழுப்பது நல்லது.

முதல் நாளில் கன்னங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெந்நீரால் மயிரை மென்மையாக்கி, தோலை இழுத்துப் பிடித்து, 30 பாகை அளவில் கத்தியைச் சாய்த்து, மயிர் வளரும் திசையிலேயே செல்க. மேலுதடும் மோவாயும் சில வாரங்கள் காத்திருக்கட்டும். சிறு கீறலுக்குப் படிக்காரம் போதும். முடிவாக ஒன்று: இக்கத்தி ஒருவர்க்கே உரியது. தந்தையும் மகனும் கூட ஒரே கத்தியைப் பகிர்தல் ஆகாது.

இயன்றால், உங்கள் பகுதியில் வயது முதிர்ந்த சவரத் தொழிலாளி ஒருவரை அணுகிப் பணிவோடு கேளுங்கள். கல்லில் கத்தியை எப்படிப் படிய வைப்பது, விளிம்பு எழுந்துவிட்டதை விரல் எப்படி உணர்வது என்பவற்றை எழுத்தில் முழுதும் சொல்ல இயலாது. அவருக்கு உரிய ஊதியத்தையும் மதிப்பையும் அளித்துக் கற்றுக்கொள்ளுங்கள். பாதிப் பிளேடுகள் வந்தபின் அவரிடம் அதனைக் கேட்பார் இல்லை. கேட்பவர் ஒருவர் வந்தால், உங்கள் கன்னம் காயமின்றித் தப்புவதோடு அவர் கையில் உள்ள கலையும் ஒரு தலைமுறை தாண்டி வாழும்.