பொக்குளிப்பானும் நலிவுற்ற சிறாரும்

பொக்குளிப்பானை நம்மவர் பெரியதொரு நோயாகக் கொள்வதில்லை. சில நாட்கள் காய்ச்சலும் உடலெங்கும் நீர்க்கொப்புளங்களும் தோன்றும், வேப்பிலையால் வருடுவர், பொருக்கு உதிர்ந்தபின் நீராட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவர். நல்ல உடல்நலமுடைய பிள்ளைகளுட் பெரும்பாலோரைப் பொறுத்தவரை இக்கருத்துத் தவறன்று. ஆயின், முன்னரே வேறொரு நோயால் நலிவுற்றிருக்கும் பிள்ளைக்கு இதுவே உயிர்க்கு இறுதி விளைக்கவும் கூடும். ஒரே கிருமி இருவரிடத்து இருவேறு வகையாய் நடப்பது ஏன்?

இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரசு. மூச்சுக்காற்றின் வழியே உட்புகும் இது, 10 முதல் 21 நாட்கள் வரை வெளிப்படாது உடலினுட் பெருகி, இரத்தத்தின் வழியே தோலை அடைகின்றது. இப்பெருக்கத்தை அடக்குவதில் முதன்மையானவை, கிருமி குடிகொண்ட கலங்களைத் தேடி அழிக்கும் வெண்குழியங்களே. இரத்தப் புற்றுநோயில் இப்படையே பழுதுறுகின்றது. அந்நோய்க்கு இடும் மருந்துகளும் தீய கலங்களோடு நல்லனவற்றையும் அழிக்கின்றன. சிறுநீரக நோய் முதலியவற்றின் பொருட்டு ஸ்டீரொயிட்டு மருந்தைப் பேரளவில் உட்கொள்ளும் பிள்ளையிடத்தும் இப்படை தளர்ந்துவிடும். காவல் தளர்ந்தவிடத்துக் கிருமி தோலோடு நில்லாது சுவாசப்பை, ஈரல், மூளை ஆகியவற்றையும் தாக்கும்.

1975ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவுறுத்தும். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுவருகையிற் பொக்குளிப்பான் கண்ட 60 பிள்ளைகளுள் 19 பேருக்கு உள்ளுறுப்புக்கள் தாக்குண்டன, நால்வர் இறந்தனர். கொடிய நோயொன்றை எதிர்த்து நின்ற பிள்ளை, எளியதெனக் கருதப்பட்ட நோய்க்கு இரையாதல் எத்துணை இரங்கத்தக்கது!

இத்துன்பத்திற்கு வழிகாண முயன்றோருள் யப்பானிய அறிஞர் மிச்சியாக்கி தாக்ககாசி தலைசிறந்தவர். 1964இல் அவர் அமெரிக்காவில் ஆய்வு நடத்திவந்த காலத்து, அவருடைய மூன்று வயது மகன் பொக்குளிப்பானாற் கடுமையாக வருந்தினான். மகன் நலமடைந்தான், தந்தையோ அந்நோயைத் தடுக்கும் வழியை நாடலானார். ஒசாக்காவுக்கு மீண்டு, வைரசை மனிதக் கலங்களிலும் கினிப்பன்றிக் கலங்களிலும் பலமுறை வளர்த்து அதன் வலியைக் குன்றச்செய்தார். 1974இல் வெளிவந்த அவரது முதல் அறிக்கை, வைத்தியசாலையில் இருந்த நோயுற்ற பிள்ளைகளைப் பற்றியதே. விடுதியில் ஒருவருக்கு நோய் கண்டவுடன் ஏனையோர்க்குத் தடுப்பூசி இட்டு, நோய் பரவாது காத்தமையை அது விளக்கிற்று. அமெரிக்கா 1995இல் இத்தடுப்பூசியை ஏற்றுக்கொண்டது.

எனினும் ஒரு தடை உண்டு. இத்தடுப்பூசியில் உள்ளது வலிகுன்றிய உயிருள்ள வைரசு. ஆதலின், எதிர்ப்பாற்றல் பெரிதுங் குன்றிய பிள்ளைக்கு அதனை இடலாகாது. காப்பு யாருக்கு மிகுதியும் வேண்டுமோ அவருக்கே அது கிட்டாது போகின்றது. எனவே, அத்தகைய பிள்ளையின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் காப்புடையராயிருத்தல் வேண்டும். அவர்களே அப்பிள்ளையைச் சூழ்ந்த வேலியாவர்.

வேலியைக் கடந்து நோய் நெருங்கினாலும் வழியில்லாமற் போகவில்லை. பிறரது குருதியினின்று பெற்ற பிறபொருளெதிரிகளை ஊசிவழி ஏற்றலாம். ஆயினும், நோயாளியோடு பழகிய 10 நாட்களுக்குள், இயன்றளவு விரைவில், அதனைச் செய்தல் வேண்டும். கொப்புளங் கண்டபின் அசைக்கிளோவிர் என்னும் மருந்து வைரசின் பெருக்கத்தைத் தடுக்கும். அதுவுங் காலந்தாழ்த்தாது இடப்படல் வேண்டும். ஆதலின் இங்கு உயிர்காப்பது மருந்து மாத்திரமன்று. உரிய நேரத்திற் கிடைக்கும் செய்தியும் ஆகும்.

அச்செய்தியைத் தரவேண்டியவர் யாவர்? கொப்புளந் தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்னரே நோய் பிறரைத் தொற்றத் தொடங்குகின்றது. நோயுற்ற மாணவன் வீட்டில் தங்கும் நாளில், அவனருகில் இருந்தவன் ஏற்கெனவே கிருமியை உட்கொண்டிருத்தல் கூடும். பெற்றோர் அன்றே ஆசிரியருக்கு அறிவித்து, ஆசிரியர் அன்றே நலிவுற்ற மாணவனின் வீட்டாருக்கு உரைத்தால், அப்பத்து நாட்களும் வீணாகா. ஆண்டின் தொடக்கத்திலேயே அத்தகைய மாணவர் யாவர் என ஆசிரியர் அந்தரங்கமாக அறிந்திருத்தலும் நன்று.

நோய் கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுதல் நம் முன்னோர் வழக்கு. அயலவர்க்கு அது ஓர் அறிவிப்புமாயிற்று. மறைவின்றி அறிவிக்கும் அப்பண்பு நம் வகுப்பறைகளிலும் நிலைபெறுமாயின், நலிவுற்ற சிறாரும் அச்சமின்றிக் கல்வி பயில்வர்.