செத்தது வான்கோழி, மருந்து கோழிக்கு

போன ஆனி மாசம் ஊருக்குப் போனபோது மாமாவின் வான்கோழிகளில் பதினொன்று செத்திருந்தன. மிச்சம் இருந்தவை இறக்கை தொங்க நின்றன. எச்சம் கந்தக மஞ்சள். "போன வாரம்தான் பூச்சி மருந்து குடுத்தேன் மாப்ளே, அப்புறமும் சாகுது" என்றார். அதே வாசலில் மேய்ந்த அத்தையின் நாட்டுக்கோழிகளுக்கு ஒன்றுமே இல்லை.

கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். கல்லீரலில் நடுவே குழிவிழுந்த வட்டப் புண்கள். குடலின் கடைசிப் பகுதியில் இரண்டு பைகளாக நீளும் குருட்டுக்குடல் தடித்துப்போய், உள்ளே கட்டியாக அடைத்திருந்தது. "பிளாக்ஹெட்" என்றார். பேர்தான் கருந்தலை, பல சமயம் தலை கருப்பதே இல்லை.

பிறகு தேடிப் படித்தேன். 1895-ல் தியோபால்ட் ஸ்மித் அமெரிக்க வான்கோழிகளில் இந்தக் கிருமியை விவரித்தார். இன்றைய பெயர் ஹிஸ்டோமோனாஸ். ஒற்றைச் செல் உயிரி. எச்சத்தோடு வெளியே வந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். அப்புறம் எப்படிப் பரவுகிறது? விடை 1920-ல்தான் கிடைத்தது. ஹெட்டராகிஸ் என்ற சின்னக் குடற்புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொள்கிறது! அந்த முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் தாங்கும். மண்புழு தின்றால் அதற்குள்ளும் காத்திருக்கும். கோழிக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராது. வான்கோழியும் பண்ணைக் கவுதாரியும்தான் பலி.

புழுவை அடையாளம் காண்பது எளிது. சிறுகுடலில் விரல் நீளத்துக்கு இருந்தால் அஸ்கரிடியா. குருட்டுக்குடல் நுனியில், ஒன்றரை செ.மீ.க்குள் வெள்ளை நூல் மாதிரி இருந்தால் ஹெட்டராகிஸ். எச்சத்தை அடர் உப்புக்கரைசலில் கலக்கினால் முட்டைகள் மேலே மிதக்கும், மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். ஆனால் இரண்டின் முட்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அறுத்துப் பார்ப்பதே நிச்சயம்.

மாமாவின் மருந்து ஏன் பலிக்கவில்லை? ஃபென்பெண்டசோல் போன்றவை புழுவைக் கொல்லும். கல்லீரலுக்குப் போய்விட்ட கிருமியை ஒன்றும் செய்யாது. நோய் வந்தபின் கொடுப்பதில் பயன் குறைவு. புழு பெருகும் இடத்தில்தான் அடிக்க வேண்டும். போன் போட்டுக் கேட்டேன்:

"கோழிகளுக்கும் குடுத்தீங்களா மாமா?"

"அதுக்கெதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

அங்கேதான் தப்பு. எங்கள் வேலையிலும் இதுதான்: கிராஷ் ஆவது ஒரு இடம், பிழை இருப்பது வேறு இடம்.

இப்போது கோழிகளுக்கு மருத்துவர் சொன்ன கணக்கில் புழுநீக்கம் நடக்கிறது. வான்கோழிகள் தனியாக, மண் படாத சிமெண்ட் தளத்தில். பழைய வாசலில் இனி சில வருஷத்துக்கு வான்கோழி விடப்போவதில்லை. கோழியை விற்றுவிடலாம் என்றும் மாமா பார்த்தார். அத்தை சம்மதிக்கவில்லை.